சின்னவ கை கனம்

போன நவம்பரில் என் பேரன் கைபேசியை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, கண்ணைச் சிமிட்டுங்க” என்றான். சிமிட்டினேன். “பத்தலை. நல்லாச் சிமிட்டுங்க.” திருஷ்டிப் பொம்மை மாதிரி விழித்துவிட்டு, நன்றாகவே சிமிட்டினேன். கைபேசி ஏற்றுக்கொண்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் உயிரோடு இருப்பவர்கள் கணக்கில் சேர்த்தி.

பென்ஷன்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை உண்டு. எங்களில் பெரும்பாலோருக்கு நவம்பர் மாதம். எண்பது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். நவம்பர் வரைக்கும் தாங்குமோ தாங்காதோ என்று அரசாங்கத்துக்கு ஒரு கரிசனம். முன்பெல்லாம் வங்கிக்கு நடந்துபோய் மேனேஜர் முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும். 2014-ல் ‘ஜீவன் பிரமாண்’ வந்தது, கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். என் கட்டைவிரலில் ரேகையே இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. தந்தி அடித்துத் தேய்ந்ததா, வயசில் தேய்ந்ததா, யார் கண்டது. 2021-ல் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆன பிறகுதான் நிம்மதி. சிமிட்டத் தெரிகிற வரைக்கும் பென்ஷன் உண்டு.

என் அப்பத்தாவிடம் யாரும் சான்று கேட்டதில்லை. தினமும் விடிந்ததும் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவளாகவே கொடுத்துவிடுவாள்: “இன்னைக்கும் முழிச்சுத் தொலச்சுட்டேன்டா.”

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கரிசல் ஊர் எங்களுடையது. அப்போது ராமநாதபுரம் ஜில்லா. அப்பத்தாவுக்கு வயது எண்பதா எண்பத்தைந்தா என்று யாருக்கும் நிச்சயமில்லை. தாது வருசப் பஞ்சம் முடிந்து பத்து வருசம் கழித்துப் பிறந்ததாக அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒன்பது பெற்று நாலைத் தக்கவைத்தவள். ஒன்றை அம்மை கொண்டுபோனது, இரண்டை வாந்திபேதி. மிச்ச இரண்டும் பேர் வைப்பதற்கு முந்தியே போய்விட்டன. இதையெல்லாம் அவள் நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்று சொல்கிற குரலில்தான் சொல்வாள்.

சுதந்திரம் வந்த சமயத்தில் நம் நாட்டுச் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. அந்தக் கணக்கைக் கீழே இழுத்ததெல்லாம் பெரும்பாலும் தொட்டில் பிள்ளைகள். அந்தத் தொட்டில்களைத் தாண்டி வந்த கிழவிகளுக்குச் சாவு என்பது வீட்டுக்கு வந்துபோகிற கடன்காரன் மாதிரி. முகம் தெரியும், செருமல் தெரியும், வந்தால் எந்தத் தூணில் சாய்ந்து உட்காருவான் என்பது தெரியும். இன்றைக்குச் சராசரி எழுபதைத் தொட்டாயிற்று. எனக்கு எழுபத்து மூன்று. கணக்குப்படி நான் உபரி. ஆனால், ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ராத்திரி உட்கார்ந்த அனுபவம் எனக்கு இன்றுவரை கிடையாது.

அப்பத்தாவின் தகரப்பெட்டியில் மூன்று முடிச்சுகள் இருந்தன. சாவுச் செலவுக்கு நூற்றைம்பது ரூபாய் ஒன்றில். நெற்றியில் ஒட்டுவதற்கு ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றில். மூன்றாவதில் வெள்ளைத் துணி, அந்துருண்டை வாசனையோடு. காதில் கிடந்த தண்டட்டியை யார் கழற்றுவது என்பது வரைக்கும் பேசி முடித்திருந்தாள். “பெரியவ கழத்தட்டும். சின்னவ கை கனம், காதைப் பிச்சுப்புடுவா.” சின்னவள் என்பது என் அம்மா. அடுப்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டேதான் கேப்பை திரித்துக்கொண்டிருப்பாள்.

ஒப்பாரிக்கும் ஒத்திகை உண்டு. மத்தியான வேளையில் தெருப் பெண்கள் வெத்தலை போட வந்தால், “எங்கே, எனக்கு அழுகுற மாதிரி ஒரு பாட்டு எடு பாப்போம்” என்பாள். எடுத்தால் பாதியில் நிறுத்துவாள். “இதெல்லாம் அழுகையாடி? தாலாட்டு மாதிரில்ல இருக்கு. நான் போன அன்னைக்கு நீ வாயத் தொறக்காதே.” இன்னொருத்தியிடம், “எங்கிட்ட இல்லாத பவுசையெல்லாம் சொல்லி அழுகாதே, கேக்குறவன் கடன் கேட்டு வந்துருவான்.” எமனுடைய கணக்குப்பிள்ளை தன் ஓலையைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டான் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். காடு வாவா என்கிறது, வீடு போபோ என்கிறது என்று சொல்வார்களே, அதை அவள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பக்கமும் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் சொல்வாள்.

கிறுக்கு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசி ரெண்டு மூன்று வருஷம், தலைக்கு எண்ணெய் வைக்க யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். தீபாவளி அன்றைக்குக்கூட, ஊரே எண்ணெய் வழிய நிற்கும்போது, இவள் மட்டும் வறண்ட தலையோடு தானே வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொள்வாள். இளநீர் வெட்டிக் கொடுத்தால், “எனக்குச் சேராது” என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். எனக்கு லாபம்.

1968 சித்திரையில் ஒரு மத்தியானம் கம்மங்கூழ் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு. கொட்டு, வேட்டு, பூப்பல்லக்கு, தெருவெல்லாம் பொரி. பேரன்மார் நெய்ப்பந்தம் பிடித்தோம். எனக்குப் பதினாறு வயது. பந்தத்திலிருந்து சூடான நெய் மணிக்கட்டில் ஒழுகி, வலி தாங்காமல் கதறினேன். “பேரன் என்னமா உருகுறான் பாரு” என்று ஊர் மெச்சியது. பெட்டியில் இருந்த நூற்றைம்பது ரூபாய் பத்தவில்லை. அந்தக் கடனை அப்பா அடுத்த வருஷம் பருத்தி எடுத்துத்தான் தீர்த்தார்.

அஞ்சு வருஷம் கழித்து எனக்கு மதுரைத் தந்தி ஆபீசில் வேலை கிடைத்தது. சாவு அங்கே எனக்கு நாலு சொல்லாக வந்து சேர்ந்தது: அப்பா சீரியஸ், உடனே புறப்படு. இங்கிலீஷில் அடித்தாலும் அதேதான், நாலு சொல். சொல்லுக்குச் சொல் காசு. செத்துவிட்டார் என்று அடித்தாலும் அதே காசுதான். இருந்தும் கவுண்ட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெரும்பாலோர், “சீரியஸ்னே போடுங்க சார்” என்பார்கள். பஸ்ஸில் ராத்திரி முழுக்க வருகிற பிள்ளை ஒரு நப்பாசையோடாவது வரட்டும் என்று. வருகிற பிள்ளைக்கும் அது தெரியும். சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் அப்போது தமிழ்நாட்டில் கிடையாது. காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளை நிறுத்தின உடனேயே அழுகை ஆரம்பித்துவிடும். பிரித்துப் பார்த்தால் வேலைக்கு வரச்சொல்லி உத்தரவாக இருக்கும். அதற்கும் அழுதுமுடித்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

மரணத் தந்திக்கு வரிசையில் முன்னுரிமை. முதலில் அதைத் தட்டிவிட்டுத்தான் கல்யாண வாழ்த்தெல்லாம். ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேருடைய அப்பாவை அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கில்லை. 2012-ல் ஓய்வு பெற்றேன். மறு வருஷம் ஜூலையில் தந்தியும் ஓய்வு பெற்றது. அப்பத்தாவின் பேரன், ஆயிரம் சாவை அனுப்பிய ஆள், எனக்கு என்ன பயம் என்று மிதப்பில்தான் இருந்தேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் ஒரு பரிசு கொடுத்தான். முழு உடல் பரிசோதனை. பதினாலு பக்கம் ரிப்போர்ட். எல்லையைத் தாண்டின எண்களையெல்லாம் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று காலைவரை நான் ஆரோக்கியமான மனுஷன். அன்று சாயங்காலத்திலிருந்து தடித்த எழுத்துக்காரன். இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிழமை எழுதின மாத்திரை டப்பா, பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், கொரோனாவில் வாங்கின ஆக்ஸிமீட்டர். கையில் ஒரு வாட்ச், ராத்திரியெல்லாம் என் நாடியைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறது. காலையில் பேப்பர் வந்தால் முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கம். பேரைப் பார்ப்பதற்கு முன்னால் வயசைப் பார்க்கிறேன். எண்பத்தெட்டு என்றால் காபி ருசிக்கிறது. அறுபத்தொன்பது என்றால் மனுஷன் சிகரெட் குடித்திருப்பான் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் அடுத்த வாய்.

பூங்காவில் எங்கள் பெஞ்சு அஞ்சு பேர். ரிட்டயர்டு கண்டக்டர், தலைமையாசிரியர், வங்கிக்காரர் இப்படி. முன்னால் பிள்ளைகளின் மார்க்கைப் பேசினோம், பிறகு சம்பளத்தை, இப்போது ஸ்டென்ட்டை. அங்கே ஒருநாள் சமூகப்பணி படிக்கிற பெண் ஒன்று கேள்வித்தாளோடு வந்தது. முதியோரின் மரண பயம் பற்றி ஆய்வாம். டெம்ப்ளர் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1970-ல் போட்ட அளவுகோல். பதினைந்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று சொன்னால் போதும். புற்றுநோய் பயமா, ஆபரேஷன் பயமா, பிணத்தைப் பார்த்தால் எப்படி, காலம் ஓடுவதை நினைத்தால் எப்படி என்று போகிறது. மூன்றாம் உலகப் போர் பற்றிக்கூட ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் வங்கிக்காரர் நிமிர்ந்தார். “போர் வந்தா டி.ஏ.வை நிறுத்திருவாங்களாம்மா?”

கண்டக்டர்தான் குழப்பிவிட்டார். “சாவுக்கெல்லாம் பயமில்ல தாயி. ரைட் குடுத்தா வண்டி போகவேண்டியதுதான். படுக்கையிலேயே எல்லாம் ஆகி, மருமக மூக்கைப் பொத்திக்கிட்டு வாரதை நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. இதுக்கு சரியா தவறா?” அந்தப் பெண் தாளை முன்னும் பின்னும் திருப்பியது. சாவது வேறு, சாகிற பாடு வேறு என்று பிரித்துக் கேட்கிற அளவுகோலும் இருக்கிறதாம், காலெட், லெஸ்டர் என்று இருவர் 1969-ல் செய்தது. அதை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றது.

நல்ல பெண். உட்கார்ந்து விளக்கமும் சொன்னது. நடு வயசுக்காரர்களைவிடக் கிழவர்களுக்குச் சாவு பயம் பொதுவாகக் குறைவுதானாம். 1999-ல் ஃபோர்ட்னர், நீமெயர் என்ற இரண்டு பேர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதியவர்களுக்குள்ளே யாருக்குப் பயம் அதிகம் என்றால், உடம்புக்கு முடியாதவர்கள், மனசு சரியில்லாதவர்கள், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் ஒப்பாதவர்கள். வயசோ, ஆண் பெண் என்பதோ, பக்தியோ அப்படி ஒன்றும் தீர்மானிப்பதாகத் தெரியவில்லையாம். மாதம் தவறாமல் கிரிவலம் போகிற தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, தனக்குப் பதினைந்தில் எத்தனை என்று மட்டும் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். எனக்கு எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குக் காரணம் எனக்குத் தெரியும். 2022. தந்தி ஆபீசில் எனக்கு எதிர் நாற்காலிக்காரனை, முப்பது வருஷச் சேக்காளியை, மூச்சுத் திணறல் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐ.சி.யூ.வில் பத்தொன்பது நாள். சாயங்காலம் ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் அனுமதி. பன்னிரண்டாம் நாள் அந்த அஞ்சு நிமிஷத்தை அவன் சம்சாரம் எனக்குக் கொடுத்தது.

உள்ளே பகலா ராத்திரியா என்று தெரியாத வெளிச்சம். மார்கழிக் குளிர். தொண்டையில் குழாய். குழாயைப் பிடுங்கப் பார்த்தான் என்று ரெண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டாவிட்டால் ஆபத்து என்று நர்ஸம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது.

பழக்க தோஷம், எழுத்தாகப் படிக்கப் பார்த்தேன். புள்ளி, புள்ளி, கோடு. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி புள்ளி. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். சொல் எதுவும் தேறவில்லை. உடம்பில் உப்பு குறைந்தால் இப்படி விரல் நடுங்கும் என்றார்கள். வெளியே வந்ததும் அவன் சம்சாரம், “என்ன சொன்னாங்கண்ணே?” என்றது. “உன்னையும் பிள்ளைகளையும் விசாரிச்சாம்மா” என்றேன். சர்வீஸில் ஒரு சொல்லைக்கூட மாற்றி அடித்தறியாதவன் நான். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்து அடித்த முதல் பொய்த் தந்தி அது. அந்த அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சீரியஸ் என்று போடச் சொன்னவர்களெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தார்கள்.

அவன் எடுப்புக்குக் கொட்டு இல்லை. ஐஸ் பெட்டி, தெருமுனையில் ஃபிளெக்ஸ், டாலஸில் இருக்கிற மகனுக்காகக் கால்மாட்டில் கைபேசியோடு ஒரு பையன். தத்தனேரி மயானத்தில் நேரம் வாங்கியிருந்ததால் எல்லாம் மணிப்பிரகாரம். பென்ஷன்காரர் வாட்ஸ்அப் குழுவில் முப்பது கும்பிடுகள் வரிசையாக விழுந்தன. முப்பத்தொன்றாவதாக ஒருவர், குடும்ப ஓய்வூதியத்துக்கு என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பட்டியல்தான் உருப்படியாக உதவியது.

எனக்குள் அந்தக் கட்டின துணி தங்கிவிட்டது. எமன் எருமையில் வரட்டும், ஆம்புலன்ஸில் வரட்டும், துணி வேண்டாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கையாக உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று சொன்னது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள்; ரெண்டு சாட்சி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ முத்திரை வைத்தால் போதும். சரி, எழுதிவிடுவோம் என்று ஒரு சாயங்காலம் கூடத்தில் மெதுவாக ஆரம்பித்தேன்.

“விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுங்க இது?” என்றாள் மனைவி. மகன் டிவியை நிறுத்திவிட்டு, “எங்களை நம்பலையாப்பா?” என்றான். மருமகள் ஒன்றும் பேசாமல் பி.பி. மெஷினை எடுத்துவந்து என் கையில் சுற்றினாள். 178. அத்தோடு பேச்சு முடிந்தது. பூங்காவில் சாட்சிக்குக் கேட்டேன். கண்டக்டர் உடனே சரி என்றார். தலைமையாசிரியர், “என் கையெழுத்துல ஒரு ஆள் சாகக்கூடாது சார்” என்று ஒதுங்கிக்கொண்டார். எத்தனையோ பையன்களை ஃபெயிலாக்கிய கையெழுத்து. தாள் இன்னும் பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் கிடக்கிறது.

அப்பத்தா நடுத்திண்ணையில் உட்கார்ந்து, வெத்தலை எச்சிலைத் துப்பியபடி, ஊர் கேட்க ஏற்பாடு செய்தாள். எனக்கு என் வீட்டுக் கூடத்தில் வாய் திறக்க வழியில்லை. அப்பத்தா கதையைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அந்தக் காலத்து மனுசி, பயமே கிடையாது என்று. 2010 வரைக்கும் சொன்னேன்.

அந்த வருஷம் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தனக்கு வீட்டார் ‘தலைக்கூத்தல்’ ஏற்பாடு செய்வதைக் காதில் வாங்கிவிட்டுத் தப்பி ஓடினார். பேப்பர்களில் வந்தது. பிறகு ‘பாரம்’ என்று படமே எடுத்து, அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. படுக்கையில் விழுந்த கிழடுகளுக்கு விடியற்காலையில் குளிரக் குளிர எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரைப் புகட்டுவது. சாவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். குளிப்பாட்டினோம், காய்ச்சல் வந்தது, போய்விட்டார்கள். பார்க்கப்போனால் இதுவும் ‘சீரியஸ்’ மாதிரி ஒரு சொல்தான்.

அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு எண்பது வயது. பார்வை மங்கி, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பதில் இல்லை.

“நம்மூர்லயும் நாலஞ்சு வீட்டுல நடந்துச்சு” என்றாள். “ஒன் அப்பத்தாதான் அவ மாமியாளுக்குத் தேச்சுவிட்டா. எட்டு மாசமாப் படுக்கை, புண்ணு வச்சுப்போச்சு, கெழவியே கேட்டுச்சுன்னுதான் சொல்லுவாக. நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தி.”

மொச்சைத் தோலைக் கீழே போட்டுவிட்டு, “அதான் என் கையைக் கண்டா அவளுக்கு ஆகாது. கை கனம் கை கனம்பா. நான் அப்படிச் செய்யிறவளாடா?” என்றாள். கேட்டது என்னிடமா, நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் போனவளிடமா, தெரியவில்லை. நான் பேப்பரை மடித்தேன்.

போன சனிக்கிழமை நல்ல வெயில். மருமகள் ரெண்டு மிளகு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து நின்றாள். தங்கமான பெண், பொய் சொல்லக்கூடாது. “மாமா, உடம்பெல்லாம் சூடாக் கெடக்கு உங்களுக்கு. சட்டையைக் கழத்துங்க, தலைக்குத் தேச்சுவிடுறேன். வெந்நி போட்டுட்டேன். குளிச்சுட்டு வந்தா இளநி வாங்கி வச்சிருக்கேன்.”

“சளி பிடிச்சிருக்கும்மா” என்றேன்.

“நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தீங்க?”

ரெண்டு தரம் இருமிக் காட்டினேன்.